திரளும்போது மாறும் நிறம்

ஜூன் 12, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. இட்லி பாதி வெந்தபடி நின்றது. மெஹர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை நாய்கூடத் தின்னாது. வாடி, கேண்டீன்ல பாத்துக்கலாம்" என்றாள். சிலிண்டர் பதிவு செய்திருக்கிறேன். புதன்கிழமைதான் வருமாம்.

இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. ஜூலை 14 அன்று எங்கள் ஆய்வுத் திட்டத்தைப் பார்க்க மதிப்பீட்டுக் குழு வருகிறது. இந்த ஒரு மாதத்தையாவது எழுதி வைக்கலாம் என்று இந்த நோட்டை எடுத்தேன். நானும் மெஹர்நிஷாவும் மூன்று வருடமாகக் கோவையில் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். அவள் ஊர் உத்தமபாளையம், என் ஊர் கோபி. அவள் பாலிமர் செய்கிறாள், நான் அதைப் படம் எடுக்கிறேன்.

ஒளிரும் பாலிமர் அது. கரைசலில் அதன் நீண்ட சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கும்வரை, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். வழக்கமான பாலிமர் என்றால் திரண்டதும் ஒளி செத்துப்போகும். மெஹர் செய்தது சாகவில்லை. ஆரஞ்சுக்கு மாறி முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. பிப்ரவரியில் அதை முதலில் பார்த்த அன்று அவள் என் கையைக் கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது.

நிறம் மாறும் அந்தக் கணத்தை நுண்ணோக்கியில் பிடித்துக் கொடுக்க வேண்டியது என் வேலை.

ஜூன் 14, புதன்

எல்லாப் படமும் கலங்கல். ஒவ்வொரு துகளுக்கும் வால் முளைத்ததுபோல் இருக்கிறது. காரணம் மதியம்தான் பிடிபட்டது. என் அறைக்கு நேர் மேலே, மொட்டைமாடியில் புளோயர் ஓடுகிறது. பக்கத்து அறையில் மெஹர் வேலை செய்யும் கண்ணாடிக் கூண்டிலிருந்து, ஹூட் என்போம், நச்சுக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் மின்விசிறி அது. அது ஓடினால் என் மேஜை அதிர்கிறது.

ஸ்விட்ச் என் அறை வாசலில் இருக்கிறது. ஆய்வக உதவியாளர் ரங்கநாதன் அண்ணன் வந்து நிறுத்தினார். அடுத்த படமே சுத்தமாக விழுந்தது.

மெஹரிடம் பேசினேன். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை தேவைப்படும் நாளில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டாள். நிறுத்துவதற்கு முன் நான் அவளுடைய ஹூட் கதவில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் அவள் எதையும் திறக்கமாட்டாள். "அட்டை இல்லாம நிறுத்தினே, கொன்னுருவேன்" என்றாள்.

சிலிண்டர் வந்தது.

ஜூன் 19, திங்கள்

மெஹர் புதுத் தொகுதிக்கான வேலையைத் தொடங்கிவிட்டாள். பாலிமரின் துண்டுகளை இணைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டின் முனையிலும் வெள்ளீயச் சேர்மம் ஒன்றை ஏற்ற வேண்டும். நாங்கள் சுருக்கமாக டின் என்போம். ஆவியாகக்கூடியது, தோல் வழியாகவும் ஏறும், மூளைக்கும் காதுக்கும் ஆகாது. புட்டியில் மண்டையோடு போட்டிருக்கிறது. அவள் இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள்.

"மூணு தடவை செய்யணும்டி. எனக்கு ஹூட் முழு நாளும் வேணும்."

"எனக்குக் காலைல ரெண்டு மணி நேரம் வேணும். அதுவும் சாருக்குத்தான்."

சாரிடம் போனோம். எங்கள் வழிகாட்டி ராமபத்ரன் சார் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு பேரும் குழந்தைங்களா? பேசி முடிச்சுக்கங்க" என்றார்.

ஜூன் 20, செவ்வாய்

அட்டை மாட்டினேன். மெஹர் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வினைக்கு வைத்திருந்த கலவை கெட்டுவிட்டதாம். மத்தியானம் என்னோடு சாப்பிட வரவில்லை. என் படங்களும் சரியில்லை, கரைசல் பழையது.

ஜூன் 21, புதன்

அட்டை மாட்ட மறந்துவிட்டேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டரை. அவள் அந்த நேரம் எடை போடும் வேலையில்தான் இருந்திருப்பாள். அவள் அறையில் வாக்குவம் பம்ப் போடும் சத்தத்தில் புளோயர் ஓடுவதும் தெரியாது, நிற்பதும் தெரியாது.

இதுவரை எடுத்ததில் இன்றையதுதான் சிறந்த படம். நீலப் புகையில் முதலில் ஒரு புள்ளி, பிறகு நாலைந்து, பிறகு கண்ணாடி முழுவதும் ஆரஞ்சு. ஒவ்வொரு துகளும் ஊசி முனையால் குத்தியதுபோல் துல்லியம். சார் அறைக்கே வந்து பார்த்தார். "இதே மாதிரி இன்னும் பத்து வேணும்" என்றார்.

ஜூன் 22, வியாழன்

படங்கள் நன்றாக வருகின்றன.

ஜூன் 23, வெள்ளி

இன்றும் நன்றாக வந்தது. மத்தியானம் ரங்கநாதன் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், அந்த ஹூட் கதவுல மெஹர் மேடம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்காங்கல்லங்க, காத்து இழுத்தா ஆடுறதுக்கு? காலைல பாத்தனுங்க, ஆடவே இல்லைங்க. அவங்க குனிஞ்சு வேலை பாத்துட்டிருந்தாங்க."

ஃபில்டர் அடைத்திருக்கும் என்றேன். அவர் ஸ்விட்சைப் பார்த்தார். அப்போது ஒன்றே கால், அது ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 26, திங்கள்

மெஹருக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே காதில் வண்டு ரீங்காரமிடுகிறதாம். சளியாக இருக்கும், ஆவி பிடி என்றேன். இரவுச் சாப்பாட்டில் ஏழு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, "மாவு இருக்கா?" என்று கேட்டாள். மூன்று சப்பாத்திக்கு மேல் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 28, புதன்

பக்ரீத்துக்கு ஊருக்குப் போகிறாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் நிலையத்தில் மூன்று முறை, "வீட்டுச் சாவி உன்கிட்ட இருக்குல்ல?" என்று கேட்டாள். மூன்று முறையும் சாவியை எடுத்துக் காட்டினேன்.

ஜூலை 1, சனி

மெஹர் வந்துவிட்டாள். அவள் அம்மா எனக்காகப் பிரியாணி கொடுத்தனுப்பினாராம். தூக்குச்சட்டி பஸ்ஸிலேயே போய்விட்டது. வழக்கமாக இதற்கெல்லாம் சிரிப்பாள். இன்று கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எதற்கு அழுதேன் என்று என்னிடமே கேட்டாள்.

வேலைப் பளு. இரண்டு பேருமே சரியாகத் தூங்குவதில்லை.

ஜூலை 3, திங்கள்

இரண்டாம் தொகுதி டின் வேலை. நான் பத்தரைக்குத் தொடங்கினேன்.

அவள் ஒரு பீக்கரைச் சுவரில் எறிந்தாள். யாரோ தன் ஆய்வுக் குறிப்பேட்டில் கிறுக்கி வைத்திருக்கிறார்களாம். எடுத்துப் பார்த்தேன். கிறுக்கல் இல்லை, அவள் கையெழுத்துதான். ஒரே எடையை நாலு வரியில் நாலு முறை எழுதியிருந்தாள்.

ஜூலை 5, புதன்

நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். தோளைத் தொட்டதும் அலறிவிட்டாள்.

சாயங்காலம் எங்கள் தெருமுனைக் கடையிலிருந்து போன். "உங்ககூட இருக்கிற பொண்ணு இங்க நிக்குதுங்க, வீடு எதுன்னு கேக்குது."

சாரிடம் சொன்னேன். "ஸ்ட்ரெஸ். பதினாலாம் தேதி முடியட்டும், ரெண்டு வாரம் லீவு கொடுத்துடலாம்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இன்றைய படங்கள்: பதினெட்டு. தேறியவை: பதினொன்று.

ஜூலை 6, வியாழன்

இன்றும் பத்தரைக்கு.

ஜூலை 7, வெள்ளி

இன்றும். இதோடு போதும், தேவையான படங்கள் கிடைத்துவிட்டன.

ஜூலை 8, சனி

காலை எட்டு மணி இருக்கும். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மெஹர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது, அவள் பார்த்தபடியே நின்றாள். "ஏய், அடுப்பு" என்றேன். வாயை மென்றாள், எதுவும் இல்லாத வாயை. பிறகு விறைத்து என் மேலேயே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் கார் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது முறையும் வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவாம். ஏன் குறைந்தது என்று தெரியவில்லை என்கிறார்கள்.

அவள் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

நரம்பியல் மருத்துவர் எபநேசர், ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிறார். மூளையில் ஏதோ அழற்சி, உடம்பே தன் மூளையைத் தாக்குகிறதோ என்று சந்தேகப்படுகிறார். ஸ்டீராய்டு தொடங்கியிருக்கிறார்கள்.

"அவங்க என்னென்ன கெமிக்கல் கையாள்றாங்க? ஒரு லிஸ்ட் கொடுங்க."

சாருக்குப் போன் செய்தேன். "பொதுவா எழுதிக் கொடும்மா. எல்லாம் ஹூட்டுக்குள்ளதான செய்யறோம்? அதுல பிரச்சினை வர வாய்ப்பே இல்லையே" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதினேன். டொலுவீன், குளோரோஃபார்ம், மெத்தனால், ஹெக்ஸேன். பெயர் பெயராகப் பதினாலு. நர்சிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரியாக ஓடும் ஹூட்டில் டின்னால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆகையால் அதை எழுத அவசியமில்லை.

ஜூலை 10, திங்கள்

மெஹர் கண் விழித்துவிட்டாள். ஊசியைப் பிடுங்கிப் போடுகிறாள் என்று கைகளைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். என்னைத் தெரிகிறது.

"கோகிலா, புளோயர் போட்டாச்சா?"

"போட்டாச்சுடி."

பத்து நிமிடம் கழித்து, "புளோயர் போட்டாச்சா?"

காது மந்தமாகிவிட்டது. கிட்டப்போய்க் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்று எட்டு முறை கேட்டாள். எட்டு முறையும், "போட்டாச்சு" என்று கத்தினேன்.

அவள் அம்மா ஜைத்தூன் பீவி கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் காபி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்.

"ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே எடத்துல வேல. அல்லா காவல், ஒனக்கு ஒண்ணும் ஆகலம்மா."

நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஜூலை 11, செவ்வாய்

ரங்கநாதன் அண்ணன் மருத்துவமனைக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். மெஹரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. லிஃப்ட் பக்கம் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், நான் பத்தாவதோட நின்னவனுங்க. ஆனா இருபத்திரண்டு வருசமா அந்த ஹூட்டுகளத் துடைச்சிட்டிருக்கனுங்க. அந்தக் காகிதம் நாலு நாளு ஆடலைங்க, நான் பாத்தது மட்டும். டாக்டர்கிட்டச் சொல்லோணுமுங்க."

"ஃபில்டர்தான் அண்ணா…"

"ஃபில்டரக் கழட்டிப் பாத்துட்டுத்தானுங்க வந்தேன். சுத்தமா இருக்குது." கையைப் பிசைந்தார். "நீங்க சொன்னாத்தான் மருவாதைங்க. இல்லீன்னா நானே சொல்லிப்போடுவேன்."

நாளை சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஜூலை 12, புதன்

சொல்லவில்லை.

சாருக்கு அனுப்ப வேண்டிய படங்களை வார்டில் உட்கார்ந்தே தேர்ந்தெடுத்தேன். ஜைத்தூன் அம்மா எட்டிப் பார்த்தார். "இதுதான் இவ செஞ்சதா?"

"ஆமாம்மா. அவ செஞ்சது. நான் படம் எடுத்தேன்."

லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜூன் 21 அன்று எடுத்தது. நீலத்திலிருந்து ஆரஞ்சு விரிவதை ஓடவிட்டேன். இரண்டாவது முறை போடச் சொன்னார்.

"அழகாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். மெஹரின் குரல் அங்கேயும் கேட்டது. புளோயர் போட்டாச்சா, புளோயர் போட்டாச்சா. பதில் சொல்ல நான் அங்கே இல்லை. அவள் அம்மா, "போட்டாச்சுத்தா, போட்டாச்சு" என்றார். அது என்னவென்றே அவருக்குத் தெரியாது. நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஜூலை 13, வியாழன்

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் எபநேசரின் பின்னாலேயே போனேன். மாடிப்படியில் நிறுத்தினேன்.

"சார், அந்த லிஸ்ட்ல ஒண்ணு விட்டுட்டேன்."

டிரைமெத்தில் டின் குளோரைடு என்று சொன்னேன். அவர் ஃபோனில் எழுத்துக்கூட்டித் தேடினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. காது, மறதி, கோபம், அதிகப் பசி, வலிப்பு, பொட்டாசியம். எல்லாம் வரிசையாக அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடவில்லை, அவ்வளவுதான்.

"ஹூட் வேலை செஞ்சுதா?"

"இல்ல சார். காலைல ரெண்டு மணி நேரம் நிறுத்தியிருந்தேன். அவளுக்குத் தெரியாது."

"எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"ஞாயித்துக்கிழமை நான் கேட்டப்போ இது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா…" என்று நான் தொடங்கினேன். அவர் இரண்டு இரண்டு படியாக ஏறிப் போய்விட்டார்.

ஜூலை 14, வெள்ளி

மதிப்பீட்டுக் குழு வந்துபோனதாம். நான் போகவில்லை. எல்லோரும் படங்களைப் பாராட்டியதாகச் சார் செய்தி அனுப்பினார். நான் அவருக்கு நடந்தது முழுவதையும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூலை 18, செவ்வாய்

சிறுநீரில் வெள்ளீயம். இருக்கவே கூடாத அளவு.

ஸ்டீராய்டை நிறுத்திவிட்டார்கள். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாதாம். உடம்பு தானாக வெளியேற்றும்வரை வலிப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்டது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஜைத்தூன் அம்மாவிடம் டாக்டரே சொல்லியிருக்கிறார். நான் போனபோது என்னைத் திட்டவில்லை. தட்டை எடுத்து மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் நிற்பது தெரியாததுபோல் ஊட்டி முடித்து, வாய் துடைத்து, தட்டைக் கழுவி வைத்தார். அதுவரை நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 27, வியாழன்

விசாரணைக் குழு. மூன்று பேர். ரங்கநாதன் அண்ணனும் வந்திருந்தார். என்னை ஆய்விலிருந்து நீக்கியிருக்கிறார்கள். அறையைக் காலி செய்து அப்பாவுக்குப் போன் போட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, வந்து சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 5, சனி

மெஹரை நாளை ஊருக்கு அழைத்துப் போகிறார்கள். காதில் கருவி வைத்திருக்கிறார்கள். வலிப்பு நின்றுவிட்டது, நடக்கிறாள், சிரிக்கிறாள். பள்ளிக்கூடக் காலமெல்லாம் நினைவிருக்கிறது. இன்று நடந்ததுதான் தங்குவதில்லை. ஜூன் மாதம் மொத்தமாக இல்லை.

அவளிடம் சொன்னேன். கருவிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஒவ்வொன்றாக. அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீயா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேனேடி" என்றாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் விடைபெறப் போனேன். "கோகிலா! வாடி வாடி. இப்பத்தான் வர்றியா?" என்று கையை நீட்டினாள்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜைத்தூன் அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

உத்தமபாளையம். ஜைத்தூன் அம்மா போன் செய்து வரச் சொன்னார். மெஹர் மெலிந்திருக்கிறாள். "பேப்பர் எழுதி முடிச்சிட்டியா?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். தேதி, மாத்திரை, யார் வந்தார்கள், என்ன சமையல் எல்லாம் அதில் இருக்கிறது. எழுந்ததும் அதைப் படித்துத்தான் அவள் நாளைத் தொடங்குகிறாள். முதல் பக்கம் காலியாக இருந்தது. ஜைத்தூன் அம்மா பேனாவோடு என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எப்புடி ஆச்சுன்னு தெனமும் கேக்குறா. நான் ஒண்ணு சொல்றேன், அவ அண்ணன் ஒண்ணு சொல்றான். நீயே எழுதிரு. ஒங் கையாலயே இருக்கட்டும்."

அரைப் பக்கம் எழுதினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரியில் ஓட்டிப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அட்டய மாட்ட மறந்துட்டேன்னு போட்டிருக்க. மறந்தியா?"

வாசலில் காய்கறி வண்டி கூவிக்கொண்டு போனது.

"இல்லம்மா."

"அப்ப உள்ளத எழுது."

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'சிவப்பு அட்டையைக் கையில் எடுத்தேன். மாட்டினால் நீ வேலையை நிறுத்துவாய், சண்டை வரும், உன் கலவை கெட்டால் எனக்குப் புதுக் கரைசல் கிடைக்காது. அட்டையை மேஜைக்குள் திரும்ப வைத்தேன். பிறகு புளோயரை நிறுத்தினேன். அடுத்து வந்த பத்து நாளும் அட்டையை எடுக்கவே இல்லை. உனக்குக் காது இரைகிறது என்று நீ சொன்ன அன்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகும் எட்டு நாள் நிறுத்தினேன். — கோகிலவாணி.'

ஆகஸ்ட் 21, திங்கள்

காலையில் மெஹர் படித்தாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை படித்தாள். இது யார் கையெழுத்து என்று கேட்டாள். என்னுடையது என்றேன். நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, இவளப் போகச் சொல்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜைத்தூன் அம்மா தெருவரை வந்தார்.

தேனி பஸ் நிலையத்தில் கோவை பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. மெஹர்.

"என்னடி, வீட்டுக்கு வந்துட்டு ஒரு வார்த்த சொல்லாமக் கெளம்பிட்டியாமே? அம்மாவக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குது. கோவமா?"

"மெஹர், உன் நோட்டு பக்கத்துல இருக்கா?"

"என்னது? கேக்கல. சத்தமாப் பேசு."

பஸ் நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நோட்ட எடு! முதல் பக்கத்தப் படி!" என்று கத்தினேன். "நான் லைன்லயே இருக்கேன்."